முகமூடிக்குக் கீழே வைத்த பால்

காலையில் எடுத்து வைத்தபோது பாட்டிலில் தாய்ப்பால் நூற்றிருபது மில்லி கோட்டைத் தொட்டிருந்தது. மூன்று மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்த பார்கவி குனிந்து பார்த்தாள். நூற்றுக்கும் கீழே இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதைத் திருகி எடுத்தபோது மூடிக்கும் பாட்டிலுக்கும் நடுவே கொழகொழவென்று ஓர் இழை நீண்டு, தொய்ந்து, அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. எச்சில். அதில் சந்தேகமே இல்லை.

தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிறவள் அவள். ஐந்து வருட ஜெர்மனி வாசம் என்னென்னவோ மாற்றியது, இதை மட்டும் அசைக்கவில்லை. அடுத்தவர் எச்சில் என்றால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதிலும் இது அவளுடைய ஏழு மாதக் குழந்தைக்கான பால்.

புகார் சொல்லவும் வழியில்லை. லைப்சிக் நகருக்கு வெளியே, அவள் பழம்பொருள்களைப் பராமரித்த அந்தச் சின்னப் போர் அருங்காட்சியகத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுக்கக் கீழ்த்தள சேமிப்பறையை விட்டால் வேறு இடம் கிடையாது. பழைய ரப்பர் கெடாமலிருக்க வாங்கிய குளிர்பெட்டியும் அங்கேதான் இருந்தது. உணவுப்பொருள் வைக்கக் கூடாது என்று அதன்மேல் எழுதி ஒட்டியதே அவள்தான். மேல்தட்டில், இரண்டாம் உலகப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஆங்கிலேயக் குண்டுவீச்சு விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கியைப் பிடித்திருந்த பத்தொன்பது வயதுப் பையனின் ஆக்சிஜன் முகமூடி. கீழ்த்தட்டில் குழந்தை அஷ்வத்தின் பால்.

அந்த அறையின் இன்னொரு சாவி, துப்புரவு வேலைக்கு வரும் இலங்கைக்காரி சுலோஜனாவிடம் இருந்தது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த பாட்டிலை நீங்க எடுத்தீங்களா?”

“பிள்ளைக்கு வச்ச பாலைக் குடிக்க எனக்கென்ன விசரே?” சுலோஜனாவின் முகம் சிவந்துவிட்டது. “நான் உந்தப் பெட்டியத் தொடுறதே இல்லை, தங்கச்சி. மத்தியானம் கூட்டேக்க உள்ளுக்க ஏதோ உறிஞ்சிற சத்தம் கேக்கும். மோட்டர் எண்டெல்லோ நினைச்சன்.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பார்கவிக்கு வெட்கமாக இருந்தது. கையுறை மாட்டி, முகமூடி இருந்த அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தாள்.

போன மாதம் அதைச் சோதித்து, காய்ந்து வெடித்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருந்தாள். இப்போது ரப்பர் நெகிழ்ந்து பளபளத்தது; உள்பக்கத் தோல் ஊறி உப்பியிருந்தது; புளித்த பாலும் பெட்ரோலும் நாள்கணக்கில் பல் துலக்காத வாயும் ஒன்றாய்க் கலந்த வாடை மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. முகமூடியின் குழாயை லேசாக அழுத்தினாள். அதன் மடிப்புகளிலிருந்து திரிந்த பால் பிதுங்கி வந்தது.

அவளுக்கு முகமூடியோடு வந்திருந்த அந்தப் பையனின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. பென்சில் எழுத்து. கடைசிப் பக்கம். ‘உயரே போனால் எச்சில் உறைந்து குழாயை அடைக்கிறது. மூன்று தரம் பிசைந்தால் நொறுங்கும். மறந்தால் மூச்சில்லை. எந்நேரமும் தாகம்.’

அப்படியானால் நேற்றைய பால்? முந்தாநாள்? இங்கே பால் வைக்கத் தொடங்கிய இரண்டு வாரமாக அளவைக்கூடப் பார்க்காமல் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவன் நரசிம்மனை அழைத்தாள்.

“நேத்து கொண்டுவந்த பாலைக் குழந்தைக்குக் குடுத்துட்டீங்களா?”

“முழுசா. இப்பல்லாம் அதைத்தான் கேக்குறான். நீ நேரா குடுத்தாதான் முகத்தைத் திருப்பிக்கிறான்.”

பாலைத் தொட்டியில் கொட்டினாள். டிராமில் வரும்போது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். இனி என் பால் மட்டும்தான், நேராக, என்று நினைத்தபடி அஷ்வத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

இன்று அவன் முகத்தைத் திருப்பவில்லை. கவ்விக்கொண்டான்.

அவன் வாய் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டது.

பார்கவி குனிந்து பார்த்தாள். அவன் மூக்குத்தண்டிலிருந்து கன்னங்கள் வழியாகத் தாடை வரை சிவப்பாக ஒரு தடம். எதையோ வெகுநேரம் அழுத்தி வைத்திருந்த தடம். அதே வாடை. பிள்ளையின் வாயிலிருந்து.

இழுக்கப் பார்த்தாள். விடவில்லை.

சின்னக் கை மேலே வந்தது. அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. பிசைந்தது.

ஒருமுறை.

இரண்டு.

மூன்று.

பிள்ளையின் தொண்டைக்குள் பனிக்கட்டி நொறுங்கியது. ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிறகு உறிஞ்சத் தொடங்கினான்.