இடுப்புச் சாவி

"அந்தக் கயித்துல கை வைக்காதே! உன் கை பட்டது போதும்!"

கொல்லைப்புறத்திலிருந்து மாமியாரின் குரல் வந்ததும், பெரிய மருமகள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கம்பியில் தொங்கிய கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பண்ணல அத்தை… எங்கயாவது நைஞ்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை உருவிப் பாத்துடலாம்னுதான்…"

"உருவிப் பாக்கறாளாம்! என் மூத்த புள்ளை உசுரையே உருவி எடுத்தாச்சு. இன்னும் என்னடி மிச்சம்?"

ஆறு வருஷமாக இந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் பெரியவளின் காது மரத்திருக்க வேண்டும். ஆனால் சில வார்த்தைகளுக்கு மட்டும் காது மரத்துப்போவதே இல்லை.

அது கூரை வேலை பார்க்கும் குடும்பம். உடைந்த ஓடு மாற்றுவது, ஒழுகும் இடத்தை அடைப்பது, பாசி சுரண்டிக் கழுவுவது… ஊரில் பாதி வீடுகளின் தலைக்கு மேல் அவர்கள் கால் பட்டிருக்கும். மூத்தவன் கூரையிலிருந்து விழுந்து செத்த பிறகு சின்னவன்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறான். நாலு வாரமாக விடாமல் பெய்த மழை நேற்றுதான் நின்றிருந்தது. பூட்டிய சாமான் அறைக்குள் கிடந்த கயிறு பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. அதை மாமியாரே ராத்திரி வாளியில் ஊற வைத்து, பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்து, விடிந்ததும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அலசியிருந்தாள். சாமான் அறையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. குளிக்கும்போதும் அதை அவள் கழற்றியது இல்லை.

"அத்தை… எதுல ஊற வெச்சீங்க?" மெதுவாகத்தான் கேட்டாள் பெரியவள்.

"சோப்புத் தண்ணியிலதான்! உன்னை மாதிரி பாசி கொல்ற மருந்துலயா ஊற வைப்பேன்?" கிழவியின் குரல் உடைந்தது. "அன்னைக்கும் நான் சோப்புலதானே போட்டு வெச்சேன்… இன்னும் பளிச்சுனு ஆகட்டும்னு மருந்தை ஊத்தினியே பாவி! கயிறு உள்ளுக்குள்ளயே வெந்து போய் இத்துடும்னு கூரைக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? சரி, அதுதான் போச்சு. கடைசியா என் புள்ளை என்ன பேசிட்டுப் போனான்னு கேட்டா, அதையும் சொல்ல மாட்டேங்கற. கல்நெஞ்சக்காரி!"

"ஒண்ணும் சொல்லல அத்தை…"

"ஒண்ணும் சொல்லாம ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்புவானா!"

சின்னவன் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தான். "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா? அம்மா, இன்னைக்கு மட்டும் நாலு வீட்டுல ஒழுகுது. மழை விட்ட மறுநாள்தான் நமக்கு மரியாதை. நாளைக்கு வெயில் அடிச்சா நாம யாருன்னே கேப்பாங்க."

"கயிறு இன்னும் ஈரமா இருக்கேப்பா," என்றாள் பெரியவள்.

"ஓடும் ஈரம்தான், நானும் ஈரம்தான் அண்ணி. போற வழியில காஞ்சிடும்." கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டான். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் தோளிலும் பெரியவள் இதே வெண்மையைப் பார்த்திருந்தாள்.

வாசலில் அவன் பெண்டாட்டி, சின்னவள், டீயை நீட்டினாள். அவளுக்கு ஏழாம் மாதம். "பாத்து ஏறுங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரியவளுக்கும் கேட்கட்டும் என்பது போல, "அக்கா கை படலைங்கறதுதான் எனக்கு ஒரு நிம்மதி," என்றாள்.

பெரியவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். கடவுளே, அது நல்ல கயிறாக இருக்கட்டும்… அதற்கு மேல் வேண்டிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்லைச் சுற்றி நாலு வார மழையில் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருந்தது. நேற்றுகூட அதில் கால் வழுக்கியது. இன்று, வாளித் தண்ணீரைக் கொட்டிய இடத்திலிருந்து சாக்கடை வரைக்கும் பாசி செத்துப் பழுப்பாகி, அடியில் சிமெண்ட் வெளுத்துக் கிடந்தது. ஒரு பாம்பு ஊர்ந்து போன தடம் போல.

இந்தத் தடத்தை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன், புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தியிருந்தபோது, தண்ணீர் எடுக்கக் கொல்லைக்கு ஓடி வந்தவள் இதே கல்லருகே இதே தடத்தைப் பார்த்தாள். சாமான் அறையில் மூடி திறந்து, பாதி காலியாகி நின்ற மருந்துக் கேனையும் பார்த்தாள். சோப்புக் கேனும் மருந்துக் கேனும் ஒரே அச்சு. மருந்துக் கேனில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் உண்டு. மாமியாருக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் அந்தத் தாய், மகனுடைய தலையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தில் அறைந்துகொண்டிருந்தாள். "கயிறு எப்படிடா அறுந்துச்சு? யாருடா என் புள்ளையைக் கொன்னது?" என்று அவள் அலறியபோது, பெரியவள் வாய் தானாகச் சொன்னது… "நான்தான் அத்தை. நீங்க ஊற வெச்ச வாளியில நான்தான் மருந்தை ஊத்தினேன்."

பாத்திரங்கள் கையிலிருந்து நழுவின. வாளியை எடுத்து முகர்ந்தாள். புளித்த நெடி.

சின்னவனுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கூரைமேல் ஏறினால் போனைக் கீழே பையில் வைத்துவிடுவது அண்ணன் தம்பி இருவருக்குமே வழக்கம். செருப்புப் போடக்கூட நிற்காமல் ஓடினாள்.

வேலை நடந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்த மாடி வீடு. செங்குத்தான ஓட்டுக்கூரை. சின்னவன் இடுப்பிலிருந்து போன கயிறு உச்சியைத் தாண்டி மறுபக்கத் தூணில் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் சின்னவன் உச்சியில் கால் பரப்பி உட்கார்ந்து முகட்டு ஓடுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவன் கூட்டாளி நின்றான். உயரத்துக்காக எல்லோரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இங்க முடிஞ்சுது. சரிவுல இறங்கறேன். கயிறு சரியா இருக்கான்னு பாரு," என்று மேலிருந்து குரல் வந்தது.

"சாயாதே! கயித்துல சாயாதேப்பா!"

அந்தத் தெருவில் பெரியவளின் குரல் அதுவரை கேட்டதே இல்லை. சின்னவன் திகைத்துத் திரும்பினான். "என்ன அண்ணி? வீட்டுல அவளுக்கு ஏதாவது…?"

"அவ நல்லா இருக்கா. நீ நகராதே. உச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கோ. கயிறு வெந்து போச்சு!"

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்னவன் ஓட்டின் மேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டான். ஒட்டகம் கொக்கி வைத்த இன்னொரு ஏணியை மேலே தூக்கி முகட்டில் மாட்டினான். ஒவ்வொரு படியாக, நெஞ்சை ஏணியில் ஒட்டிக்கொண்டு, சின்னவன் இறங்கி வந்தான். அவன் கால் மண்ணைத் தொட்ட பிறகுதான் பெரியவள் மூச்சு விட்டாள்.

ஒட்டகம் கயிற்றின் ஒரு பகுதியைக் காலில் மிதித்துக்கொண்டு கையால் வெடுக்கென்று இழுத்தான். அறுந்தது. நனைந்த காகிதம் போல, சத்தம்கூட இல்லாமல்.

"ஒரு சத்தம்கூட வரலையேப்பா…" என்றான் ஒட்டகம்.

சின்னவன் அறுந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். "யாரு அண்ணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்."

ஒரு பொய்யைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இரண்டாம் முறை அது சுலபம் என்பார்கள். பெரியவளுக்கு அப்படி இல்லை. முதல் பொய்தான் இந்தக் கயிற்றை இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். தன் கை மேல் தப்பில்லை என்று மாமியாரை நம்ப வைத்தது யார்? இன்னொரு முறை கயிற்றை வாளியில் போடும் தைரியத்தைக் கொடுத்தது யார்? நல்ல மனசோடு சொன்ன பொய்தான். ஆனாலும் கடவுள் அதை மறந்துவிடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவன் அறுந்த கயிற்றைக் கூடத்தில் போட்டான். சின்னவள் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மாமியார் குனிந்து துண்டைத் தடவிப் பார்த்தாள்.

"மறுபடியுமா…?" அவள் நிமிர்ந்தபோது முகம் வேறாகியிருந்தது. "மறுபடியுமாடி சண்டாளி! ஒருத்தனை முழுங்கினது போதலையா? வயித்துல புள்ளையோட இருக்காளே, இவ தாலியும் வேணுமா உனக்கு?"

கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். பெரியவள் விலகவில்லை. அடி கன்னத்தில் விழுந்தது.

"உன்னை நம்பாமத்தானே ரூமைப் பூட்டி வெச்சேன்! மருந்தை உள்ள வெச்சேன்! ராத்திரி முழுக்க வாளிகிட்டயே உட்கார்ந்திருந்தேன்! சாவியை இடுப்பை விட்டு இறக்கவே இல்லையே… அப்புறம் எப்படிடி…"

அவள் நின்றுவிட்டாள்.

"அப்புறம் எப்படி…?"

கிழவியின் கை தன் இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

"நீங்க அசந்தப்போ எடுத்தேன் அத்தை," என்றாள் பெரியவள் அவசரமாக. "எடுத்துட்டுத் திரும்ப வெச்சுட்டேன்."

"நான் அசரவே இல்ல." இப்போது அது திட்டும் குரலாக இல்லை. பயந்த குரலாக இருந்தது. "கண்ணை மூடல. அவன் போன நாள்லேருந்து நான் எங்கடி தூங்கறேன்?" தன் கைகளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். விரல் நுனிகளில் தோல் வெளுத்து உரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து எரிந்துகொண்டுதான் இருந்தது. வயசானால் இப்படித்தான் என்று நினைத்திருந்தாள். "சின்னவனே… அந்த ரெண்டு கேனையும் எடுத்துட்டு வா."

"வேண்டாம் அத்தை…"

"எடுத்துட்டு வாடா!"

சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். இரண்டு கேன்களும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தன. ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். இரண்டையும் தடவினாள். கடைசியில் ஒன்றின் மேல் கையை வைத்தாள்.

"இதுதானே சோப்பு?"

அவள் விரல்களுக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது.

சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைப்புக்குள்ளிருந்து வந்த விம்மல் கிழவிக்குக் கேட்டது.

"அன்னைக்கும்…?" கிழவி பெரியவள் பக்கம் திரும்பினாள். "வாயைத் திறந்து சொல்லுடி. அன்னைக்கும் நான்தானா? என் புள்ளையை… நானேதானா?"

பெரியவள் அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அன்று எழுந்த அழுகை, மூத்தவன் செத்த அன்றுகூட எழவில்லை.

"ஏன்டி சொல்லல? ஆறு வருஷமா உன்னை நாயே பேயேன்னு திட்டினேனே… சோறு போடறப்பக்கூடக் குத்திக் காட்டித்தானே போட்டேன்… ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவரோட சேர்த்து உங்களையும், ஒரே நாள்ல ரெண்டு பேரைத் தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்ல அத்தை," என்றாள் பெரியவள். "எல்லாமே பொய்யும் இல்ல. அன்னைக்குக் கயிறு புதுசு மாதிரி இருக்கேன்னு நான் உருவிப் பாக்காம விட்டுட்டேன். அது என் தப்புதானே?"

சின்னவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "ஆனா அண்ணி… நீங்க சொல்லியிருந்தா இன்னைக்கு நான் அந்தக் கயித்தோட ஏறியிருக்க மாட்டேன்."

"தெரியும்பா. ஓடி வரும்போது அதைத்தான் நினைச்சுக்கிட்டே வந்தேன். அந்தப் பாவம் என்னோடதுதான். அதை யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன்."

சின்னவள் தரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து பெரியவள் பக்கத்தில் வைத்தாள். "அக்கா… காலையில நான் சொன்னதை…" அதற்குமேல் அவளால் முடியவில்லை. பெரியவள் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு எண்ணெயைத் தொட்டு மாமியாரின் விரல்களில், ஒவ்வொன்றாக, வலிக்காமல் தடவினாள்.

அன்று அடுப்பு எரியவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. எத்தனையோ வீடுகளில் ஒழுகிக்கொண்டிருக்கும். யார் கூப்பிட்டும் சின்னவன் போனை எடுக்கவில்லை. கிழவி அழுது ஓய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஆறுதலும் போய்ச் சேர முடியாத இடத்தில் அவள் இருந்தாள். அது பெரியவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவள் தடுத்துவைத்தது இந்த ஒரு பார்வையைத்தான்.

"அத்தை… அவர் ஒண்ணும் சொல்லாமப் போகல."

கிழவி மெல்லத் திரும்பினாள்.

"அன்னைக்குக் காலையில கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். 'பாத்தியா, எங்கம்மா துவைச்சது. புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. இந்த ஊர்ல எந்தக் கூரைக்காரனுக்கு இப்படி ஒரு அம்மா இருக்கா?'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் போனார் அத்தை. இதைச் சொன்னா, உங்க கை பட்ட கயிறுன்னு உங்களுக்கே தோணிடுமோன்னு… அதான் சொல்லல."

"சிரிச்சானா?" என்றாள் கிழவி.

"சிரிச்சார்."

"என் பேரைச் சொல்லியா?"

"உங்களைச் சொல்லித்தான்."

கேன்களோடு சின்னவன் தரையில் வைத்திருந்த சாவியைத் தடவி எடுத்தாள் கிழவி. அதைப் பெரியவளிடம் கொடுக்கக் கையை நீட்டினாள். கண்ணீரும் மங்கலுமாக எதிரில் இருப்பவள் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை; நீட்டிய கை காற்றில் துழாவியது.

"எங்கேம்மா இருக்கே?"

பெரியவள், அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் தன் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தாள்.