ஓட்டை கேட்ட மருந்து

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே அவளுக்குக் குமட்டியது. டாக்டர்தான், சீழும் மலமும் முகர்ந்து பழகிய மூக்குதான். ஆனால் இது வேறு. வாரக்கணக்கில் மூடிக் கிடந்த பாத்திரத்தைத் திறந்தது போல, புளித்து, இனித்து, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற நாற்றம்.

"பழைய குழாய், டாக்டர். ரெண்டு நாள்ல மூக்கு பழகிடும்" என்றார் மூத்த நர்ஸ்.

பழக்கிக்கொள்ள அவள் வரவில்லை. மூலைக் கட்டிலில் அவளுடைய அண்ணன் கிடந்தான். அதற்காகவே கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பிரிவுக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தாள். தொடையில் வந்த கட்டி உடைந்து, கிருமி இரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. தினமும் டயாலிசிஸ். தினமும் ஆன்டிபயாடிக். ஆனாலும் காய்ச்சல் இறங்கவில்லை; கட்டுக்கு அடியிலிருந்து பச்சையாக வடிந்துகொண்டே இருந்தது.

ஏன் என்று அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. பெரியவர் (தலைமை மருத்துவரை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்) பரிவாரத்தோடு வலம் வரும்போது எல்லாக் கட்டிலிலும் மருந்து ஏறி முடிந்திருக்க வேண்டும். பார்க்க லட்சணமாக இருக்குமாம். அவர் தலை மறைந்ததும் டயாலிசிஸ் இயந்திரத்தை மாட்டுவார்கள். அந்த இயந்திரத்துக்கு எது விஷம், எது மருந்து என்று தெரியுமா? இரண்டையும் சேர்த்து அலசி, கழிவுக் குழாய் வழியாகத் தரையிலிருந்த ஓட்டையில் கொட்டியது. அண்ணனுக்குப் போட்ட மருந்தில் பெரும்பங்கைக் குடித்தது அந்த ஓட்டைதான்.

"இதுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல இருந்தவங்களுக்கும் இப்படித்தானா?"

நர்ஸ் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார். "அவங்க யாரும் பிழைக்கல, டாக்டர்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பெரியவரிடம் போனாள். டயாலிசிஸ் முடிந்த பிறகுதான் மருந்து, அதுவும் முழு அளவு என்றாள்.

"கிட்னி போனவனுக்கு முழு டோஸா? படிச்சிட்டுத்தான் வந்தியா?"

"போனது அவன் கிட்னி, சார். மெஷின் நல்லாத்தானே ஓடுது? அது வாரிக்கிட்டுப் போறதை யார் திருப்பிக் கொடுக்கிறது?"

"உன் அண்ணன், உன் பொறுப்பு" என்று அவர் கையைக் கழுவிவிட்டார்.

அன்று முதல்முறையாக, மருந்து ஏற்றாமலே இயந்திரத்தை மாட்டினார்கள். வெளியே நல்ல வெயில். உள்ளே எப்போதும் போல வெள்ளை விளக்கு. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். கழிவுத் தண்ணீர் ஓட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

களுக்.

குனிந்து பார்த்தாள். இரும்பு வலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் கோழை போல ஏதோ உப்பி உப்பி அடங்கியது. அதில் தலைமயிர் இருந்தது. பஞ்சு இருந்தது. பழைய கட்டுத்துணியின் நூல் இருந்தது.

நாற்றம் எழுந்து முகத்தில் அடித்தது.

அது வலையைத் தாண்டி மேலே வந்தது. கழிவுக் குழாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்கும் திசைக்கு எதிராக, அண்ணனை நோக்கி ஏறியது.

"எங்களுக்கு?"

ஒரு குரல் இல்லை. சளி கட்டிய பல தொண்டைகள்.

அவளுக்குப் புரிந்தது. தங்களுக்கென்று எழுதிய மருந்து போன இடத்துக்கே இந்தக் கட்டிலில் செத்தவர்களும் போயிருந்தார்கள். இத்தனை காலம் அங்கே காத்துக் கிடந்து குடித்திருக்கிறார்கள். இன்று கிடைக்கவில்லை.

குழாயைக் கவ்வி போட்டு இறுக்கி, வழுவழுவென்று ஒட்டியிருந்ததைக் கையாலேயே வழித்து எறிந்தாள். அது சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். சுட்டது. கடும் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போலச் சுட்டது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, தானே அண்ணனுக்கு முழு மருந்தையும் ஏற்றி முடித்தாள். அது முடியும்வரை ஓட்டை அழுதுகொண்டே இருந்தது.

தினமும் அப்படியே செய்தாள். காய்ச்சல் இறங்கியது. புண் காய்ந்தது. ஒருநாள் அண்ணனுக்குச் சிறுநீர் பிரிந்தபோது, அதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே ஜென்மம் அவளாகத்தான் இருக்கும். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் பெரியவர், கூசாமல்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள்.

"நல்லவேளை, நீ வந்தியேம்மா. உங்க அண்ணனுக்கு மறுபடி உடம்பு சுடுது. மாத்திரையைத் தவறாமத்தான் எடுத்துக்கிட்டுப் போறார். போதாக்குறைக்கு, பாத்ரூம்ல என்ன அடைச்சிருக்கோ, ஒரே நாத்தம்."

எடுத்துக்கொண்டு எங்கே போகிறான்?

கூடத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. புளிப்பு. இனிப்பு. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்தது.

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. அண்ணன் ஈரத் தரையில் குந்தியிருந்தான். வேட்டியில் தொடைப்பக்கம் பச்சையாக ஈரம். மாத்திரை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தரை ஓட்டையின் வலைக்குள் விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு ஊட்டுவது போல, பொறுமையாக.

"அண்ணா! என்ன பண்றே?"

"சத்தம் போடாதே" என்று கிசுகிசுத்தான். "பாவம், கேக்கறாங்க. எனக்கு மட்டும்தானே கிடைச்சுது."

பாய்ந்து அட்டையைப் பிடுங்கினாள். எல்லாக் குழியும் காலி.

களுக்.

"எங்களுக்கு?"

அதே தொண்டைகள். அவற்றுக்கு நடுவே, தெள்ளத் தெளிவாக, அண்ணனின் குரலும்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை.