புகைபோக்கியில் ஒரு சாக்கு

"பெரியப்பாஆஆ...!"

கயெத்தானின் அலறல் பனி மூடிய தெருவைக் கிழித்தது.

கட்டிலில் அலாய்ஸி. எழுபது வயது. கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. தொட்டால்... ஐஸ்!

அடுத்த அரை மணியில் ஹோனோராத்தாவின் செல்போன் அலறியது.

ஓல்ஷா ஊரின் புகைபோக்கிகளைத் துடைப்பவள் அவள். வயது நாற்பத்து மூன்று. கறுப்பு யூனிஃபார்ம், அதில் பளபளக்கும் பித்தளைப் பொத்தான்கள்.

"இன்ஸ்பெக்டர் லெஷெக் பேசறேன். அலாய்ஸி வீட்டுக்கு உடனே வாங்க."

"கரி அடைச்சிருச்சா?"

"ஆள் செத்துட்டாரு. கார்பன் மோனாக்சைடு."

ஹோனோராத்தா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புகைபோக்கியை அக்டோபர்ல நான்தானே துடைச்சேன்!"

"தெரியும். அதனாலதான் கூப்பிடறேன்."

போன் செத்தது.

புகைபோக்கி துடைப்பவரைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று, அவரவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ளும் ஊர் அது. இன்றைக்கு அலாய்ஸி வீட்டு வாசலில் நின்ற கும்பலில் ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கயெத்தான் பாய்ந்து வந்தான். இறந்தவரின் தம்பி மகன். கிராக்கோவ் நகரத்தில் வேலை. அந்த வீட்டில் பாதி அவனுக்குச் சொந்தம். பனிச்சறுக்கு ஹோட்டல்காரர்களுக்கு விற்றுவிடலாம் என்று அவனும், என் பிணத்தின் மேல்தான் விற்பாய் என்று பெரியப்பாவும் ஐந்து வருடமாக மல்லுக்கு நின்றது ஊருக்கே தெரியும்.

"கொலைகாரி! நீ ஒழுங்கா வேலை பார்த்திருந்தா அவர் செத்திருப்பாரா?"

"தள்ளி நின்னு பேசு தம்பி. நான் துடைச்ச குழாய்ல குருவி இறகு கூட இருக்காது."

"அப்போ எப்படிச் செத்தாரு?"

"அதைப் பார்க்கத்தான் மேல போறேன்."

லெஷெக் குறுக்கே வந்தார். குரல் தணிந்திருந்தது.

"நல்லாப் பாருங்க. அடைப்பு பழசா இருந்துச்சுன்னா... உங்க லைசென்ஸ் போகும். ஜெயில் கூட வரலாம்."



ஹோனோராத்தா மச்சு வழியாக ஏறி, கூரைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். காற்று கத்தியாக அறைந்தது. ஓடுகளின் மேல் உறைபனி. கால் வழுக்கினால் மூன்று மாடிக்குக் கீழே கற்பலகை முற்றம்!

இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு புகைபோக்கியை நெருங்கினாள்.

உச்சியில் இரண்டு ஓட்டைகள். இடது. வலது.

வலது ஓட்டையில் டார்ச் அடித்தாள். சுத்தம்.

இடது ஓட்டை...

டார்ச் வெளிச்சம் உள்ளே போகவில்லை!

கையை விட்டாள். ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள்.

வந்தது... ஒரு சாக்கு! உள்ளே இறுக்கித் திணித்த வைக்கோல்.

மேல்பக்கம் கரித்தூளே இல்லை. புத்தம் புதுசு.

'இது அடைப்பு இல்லை... கொலை!'

முதுகுக்குப் பின்னால் கிறீச் என்று சத்தம்.

திரும்பினாள்.

கூரைக் கதவில் கயெத்தான்!

கண்கள் சிவந்திருந்தன. அவளுடைய கயிறு அவன் காலடியில்தான் கொக்கியில் மாட்டியிருந்தது.

"ஏன் மேல வந்தே?"

"நீ எதையாவது மறைச்சிடுவே. கையில என்ன?"

"நீ வெச்சதுதான்."

"என்ன உளர்றே?"

ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஹோனோராத்தா புகைபோக்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கிட்ட வராதே! இடது ஓட்டையில சாக்கைத் திணிச்சு உன் பெரியப்பாவைக் கொன்னுட்டே. வீடு முழுசா உனக்கு!"

கயெத்தான் நின்றுவிட்டான்.

"இடது ஓட்டையா...?"

"ஆமா."

"இடது பக்கம் இருக்கறது என் ரூமாச்சே! அவர் ரூம் வலது பக்கம்!"

"கீழதான் அப்படி. மச்சுல உத்தரம் குறுக்கே வந்ததால, கட்டின கொத்தனார் ரெண்டு குழாயையும் குறுக்கு மறுக்கா வளைச்சுட்டான். உன் ரூம் புகை வலது ஓட்டையில வரும். அவர் ரூம் புகை இடது ஓட்டையில வரும்."

"எனக்குத் தெரியாதே..."

"உன் பெரியப்பாவுக்கு?"

"அவர் எப்பவும் சொல்வாரு... இடது உன்னுது, வலது என்னுதுன்னு..."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கூரைக் கதவின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நேத்து... அவரே போன் பண்ணிக் கூப்பிட்டாரு. சண்டையெல்லாம் போதும், வாடான்னாரு. ஜூரெக் சூப் வெச்சுக் குடுத்தாரு. என் ரூம் கணப்பை அவரே மூட்டினாரு. ரொம்பக் குளிருது, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கோன்னு..."

"சொல்லிட்டு?"

"கன்னத்துல முத்தம் குடுத்தாரு."

ஹோனோராத்தா கையிலிருந்த சாக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கீழே முற்றத்திலிருந்து லெஷெக்கின் குரல்.

"ரெண்டு பேரும் இறங்குங்க! சீக்கிரம்!"

இறங்கி வந்து, சாக்கையும் குறுக்கே வளைந்த குழாய்களையும் பற்றி லெஷெக்கிடம் சொன்னார்கள். அலாய்ஸியின் கோட்டு கூடத்து மேஜை மேல் விரிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து லெஷெக் எடுத்து வைத்தவை பக்கத்தில்.

கரி அப்பிய கையுறைகள். விரல்களில் வைக்கோல் துரும்பு.

இரண்டு பேட்டரி.

"இது எதுக்கு?" என்றாள் ஹோனோராத்தா.

லெஷெக் நடைவழிச் சுவரைக் காட்டினார். இரண்டு அறைகளுக்கும் நடுவே விஷவாயு அலாரம். பின்மூடி திறந்து, வயிறு காலியாக.

"பையன் முழிச்சிடக் கூடாதுன்னு கழட்டிட்டாரு. அது மட்டும் கத்தியிருந்தா..."

"அவரே பிழைச்சிருப்பாரு!"

கயெத்தான் அந்தப் பேட்டரிகளையே பார்த்தான். அழவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அந்தக் கட்டில்ல நான் இருந்திருக்கணும்" என்றான் மெதுவாக.

ஹோனோராத்தா அவன் தோளில் கை வைத்தாள். கறுப்புக் கரி அச்சாகப் பதிந்தது.

"மேல உன்னைக் கொலைகாரன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ தம்பி."

"நானும் சொன்னேனே... கீழ."

லெஷெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இருபது வருஷ சர்வீஸ். கொலைகாரனும் கொலையானவனும் ஒரே ஆளா இருக்கற கேஸ் இப்பத்தான் பார்க்கறேன். மேலதிகாரிகிட்ட என்னன்னு சொல்றது? யாரை அரெஸ்ட் பண்றது?"

ஹோனோராத்தா தூரிகையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"யாரையும் பண்ண வேணாம் இன்ஸ்பெக்டர். இனிமே கூரை ஏறிக் கொலை பண்றவங்க, எந்த ஓட்டை யாருதுன்னு எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் பண்ணச் சொல்லுங்க... ஆலோசனை இலவசம்!"