ஓட்டுநர் அம்மாவுக்கு ஒரு ஏரிக்கரை

"இது ஒத்துவராது தம்பி" என்று சித்தி சொன்னதும் வெல்டர் அண்ணனின் முகம் தொங்கிப் போயிற்று.

மேசை மேல் ஒரு குட்டி ஏரிக்கரை இருந்தது. அட்டையில் பாதை, பஞ்சில் புதர், ஈரக் களிமண்ணில் கரை. தோட்டங்கள் வடிவமைக்கும் சித்தி செய்த மாதிரி வடிவம் அது. பக்கத்தில், வெல்டர் அண்ணன் தன் கையாலேயே வெட்டி, பளபளவென்று தேய்த்த எஃகு எழுத்துகள். அவருடைய அம்மாவின் பெயர்.

அந்த அம்மா பேருந்து ஓட்டுநர். வலசைப் பறவைகள் வரும் காலத்தில் ஏரியருகே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுவார். பேருந்தே மூச்சடக்கி வேடிக்கை பார்க்கும். யாராவது "லேட்டாகுது" என்று முணுமுணுத்தால், "சத்தம் போட்டா பறவை பறந்துடும்" என்பார். அப்புறம் யார் வாயைத் திறப்பது?

அவர் இறந்ததும், அதே இடத்தில் நினைவுத் தோட்டம் வேண்டுமென்று பயணிகளே கேட்டார்கள்.

"வெயில்ல இது கண்ணாடி மாதிரி மின்னும். பறவை கிட்டயே வராது" என்றாள் சித்தி.

"அம்மா பேரு இல்லாம அம்மாவுக்குத் தோட்டமா? வேணாம், விடுங்க." எழுத்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

ஓர் எழுத்து மட்டும் சித்தியின் அக்கா மகள் கையில் இருந்தது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், சட்டென்று அதைக் களிமண் கரையில் அழுத்தி எடுத்தாள். பள்ளத்தில் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"ஏய் வாலு! ராப்பகலா செஞ்ச கரைடி அது!" என்று சித்தி கத்தினாள்.

"சித்தி, பாரேன். எழுத்துல தண்ணி நிக்குது. பறவை வந்து குடிக்கும்ல?"

வெல்டர் அண்ணன் குனிந்து பார்த்தார். "ஈர சிமெண்ட்ல அழுத்தினா இன்னும் ஆழமா விழும்" என்றார் மெல்ல.

"அந்தப் பள்ளத்தையே தரையோட தரையா வெச்சுடலாம். மின்னவும் மின்னாது" என்று சித்தி பென்சிலைத் தேடினாள். "எனக்கு ஏன் இது தோணல?"

"நீதான் என்னைத் திட்டிட்டு இருந்தியே!"

பறவைகள் வரும் காலம் வந்தது. ஏரிக்கரையில் எழும்பிய தோட்டத்தின் புதர் மறைவில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி மூக்குப் பறவை ஒன்று பறந்து வந்து ஓர் எழுத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது. அடுத்த எழுத்துக்குத் தாவியது.

வெல்டர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா பேரை எழுத்துக்கூட்டிப் படிக்குது பாரு!"

"ஆனா கடைசி எழுத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கே அண்ணா."

"படிக்கட்டும் பாப்பா. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு!"