யார் கேன் இது?

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. பாறையில் ஒரு வெடிப்பு, வெடிப்பில் ஓர் ஊற்று. யாரோ ஒரு புண்ணியவான் அதில் குழாய் ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். குடிதண்ணீருக்கு எல்லோரும் அங்கேதான் போவோம். தண்ணீர் தேன் மாதிரி இருக்கும். ஆனால் அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சுண்டுவிரல் கனத்துக்குத்தான் விழும்.

அதனால் வரிசையில் நிற்பது நாங்கள் இல்லை, எங்கள் கேன்கள். விடிந்ததும் கேனை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். முறை வரும் நேரத்துக்கு வந்து அவரவர் கேனைப் பிடித்துக்கொள்வோம். முன்னால் ஒரு கேன் நிரம்பியதும், அங்கே இருப்பவர் மற்ற கேன்களைக் காலால் ஓர் அடி தள்ளிவிடுவார். ஒரு கேன் இன்னொன்றை முந்தக் கூடாது. எங்கள் தெருவில் கொடுத்த வாக்குகூட மாறும், இது மட்டும் மாறாது.

அன்று காலை சுண்டெலி ஓட்டமும் நடையுமாக ஊற்றுக்கு வந்தாள். ஒன்பது வயதுப் பெண். ஆள் சின்னவள், ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர். அவள் வகுப்பு அன்று பஸ்ஸில் கடல் பார்க்கப் போகிறது. அவள் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டாள், அப்பா காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். வீட்டில் ஒரு சொட்டுக் குடிதண்ணீர் இல்லை. தண்ணீரை வைத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்குப் போக முடியும்.

அவளுடைய கேன் இரண்டாவதாக நின்றது. முதலில் ஒரு புத்தம்புது நீலக் கேன். அதன் சொந்தக்காரரைக் காணோம். குழாய்த் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யார் கேன் மாமா இது?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்றார் தையல்காரர். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "எல்லாரும் ஒரு அடையாளம் வைப்பாங்க. என்னோடதுல துணி கட்டியிருக்கு, உன்னோடதுல சிவப்புப் பொத்தான். இதுல ஒண்ணுமே இல்லை."

"தூக்கி ஓரமா வையுங்க" என்றாள் ரொட்டிக்கடை அக்கா. "அடுப்புல ரொட்டி கருகுது."

"இன்னைக்கு இதை ஓரங்கட்டினா, நாளைக்கு உன்னோடதை ஓரங்கட்டுவாங்க. அப்புறம் நாம எல்லாரும் கேனுக்குக் காவலா இங்கயே நிக்க வேண்டியதுதான்."

"அப்போ என்னதான் பண்றது?"

"ஆள் வர்ற வரைக்கும் காத்திருப்போம்."

சுண்டெலி சாக்கடைக்குப் போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா, இப்போ முறை அந்தக் கேனுக்குத்தானே?"

"ஆமா."

"அப்போ அதை நிரப்பிடலாமே. ஆள் இல்லைன்னா என்ன?"

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இது எனக்கு ஏன் தோணலை?"

"சண்டை போடவே உங்களுக்கு நேரம் சரியா இருந்துச்சு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடியேய், அது நிரம்புறதுக்குள்ள உன் பஸ் போயிடும். முதல்ல உன்னோடதைப் பிடிச்சுக்கோ. நாங்க பார்க்கவே இல்லை."

தையல்காரரும் திடீரென்று மேகங்களை ஆராயத் தொடங்கினார்.

சுண்டெலியின் கை தன் கேன் மீது போனது. கடல் ஞாபகம் வந்தது. ஆனால் நீலக் கேனை வைத்தவரும் இவர்களை நம்பித்தானே வைத்துவிட்டுப் போயிருப்பார்?

"அவங்க வீட்லயும் யாராவது தாகமா இருப்பாங்க அக்கா" என்று சொல்லி, நீலக் கேனைக் குழாயடியில் வைத்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் வாயேன்" என்று ஊற்றிடம் கெஞ்சினாள். ஊற்று யாருக்காகவும் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. அவள் அழவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

ஒருவழியாக நிரம்பியது. மூடியை இறுக்கிப் போட்டாள். தையல்காரர் அதை நிழலில் தூக்கி வைத்தார். அடுத்து இவளுடைய கேன் நிரம்பியதும் அவரே தள்ளுவண்டியில் வைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சுண்டெலி பள்ளிக்கு ஓடினாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள், டீச்சர் மட்டும் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டிரைவரைக் காணோம். குடிக்கத் தண்ணி இல்லாம பஸ்ஸை எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். கொண்டு வர்றேன்னு போனவர் போனவர்தான்."

அப்போது தெருமுனையில் டிரைவர் வந்தார். வெளியூர்க்காரர். தோளில் ஒரு நீலக் கேன்.

"டீச்சர், இது அதிசயமான ஊருங்க" என்றார் மூச்சு வாங்க. "கேனை வரிசையில வச்சுட்டுப் போங்க, அது பாட்டுக்கு நகரும்னு டீக்கடையில சொன்னாங்க. விடியுறப்பவே வச்சுட்டு, பஸ்ஸைக் கழுவி இங்க கொண்டுவந்து நிறுத்தினதுல நேரம் போனதே தெரியலை. இப்பப் போய்ப் பார்த்தா, நிரம்பி, மூடி போட்டு, நிழல்ல உட்கார்ந்திருக்கு. யார் பண்ணின புண்ணியமோ."

"நான்தாண்ணே" என்றாள் சுண்டெலி. "மூடியை ரொம்ப இறுக்கிட்டேன். திறக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தன் பக்கத்து இருக்கையைத் துண்டால் இரண்டு முறை தட்டித் துடைத்தார். "ஏறு தாயி. இது உன் சீட்டு."

பெரிய கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது அந்த இருக்கை. அதனால் கடைசி வளைவில் பஸ் திரும்பியபோது முதலில் கடலைப் பார்த்தது சுண்டெலிதான். அவள் போட்ட சத்தத்தில்தான் பின்னால் இருந்தவர்களுக்கு விஷயமே தெரிந்தது.