கறுப்புத் திரைக்கு முன் ஒத்திகை

உயிரே வராத லேப்டாப் சூடாக இருந்தது. தராசு உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். வெயிலின் சூடு இல்லை. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு. மூன்று நாளாக எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கறுப்பு முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்த புத்தம் புதுச் சாமான் அது. ஓடாத யந்திரம் சூடாகாது என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முப்பத்திரண்டு வருடம் கடைகடையாக ஏறி எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். அலுவலகத்தில் வைத்த 'தராசு' என்ற பட்டப்பெயர் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. வீட்டிலும் அதே கணக்குத்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மனைவி இருந்தவரை அந்த மூன்று காலையும் அவள் எப்படியோ சமாளித்தாள். அவள் போன மறுவருடம், அவர் பார்க்காத மாப்பிள்ளையை மகள் தானே பார்த்துக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. நான்கு வருடம்.

தங்கை நடுவில் நின்று கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி செய்திருந்தாள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மகள் கம்ப்யூட்டரில் வருவாள். போன் நம்பர் தரமாட்டாள். எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றும் சொல்லமாட்டாள். "முகத்தைப் பார்த்து ஒரு தடவை பேசுறேன் அத்தை. பழைய அப்பாவா இருந்தா அதோட சரி" என்றாளாம். அதற்காகத்தான் இந்த லேப்டாப். கடையில் நன்றாகத்தான் ஓடியது. அழைப்பு வந்தால் தானே எடுத்துக்கொள்ளும்படி மெக்கானிக் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் திரை இருண்டுவிட்டது. உடனே கடைக்குப் போன் செய்திருக்கலாம். பெரியவருக்குப் பொத்தான் அழுத்தத் தெரியவில்லை என்று சிரிப்பார்களே என்ற வீம்பு. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தன்னிடமே ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே யாரும் இல்லாவிட்டால்தான் அவருக்குப் பேச்சு வந்தது. மூன்று மதியமும் அந்தக் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து, மகளிடம் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அடித்து, திருத்தி, உரக்கச் சொல்லிப் பார்த்தார். சாப்பிட்டியாம்மா என்பதில் தொடங்கி ஒரு பக்கம் வந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அது பேனாவுக்கும் வரவில்லை, வாய்க்கும் வரவில்லை.

இன்று சனிக்கிழமை. இப்போது மணி ஐந்து. வீம்பு போன இடம் தெரியவில்லை. பழைய பட்டன் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு வர முடியாது சார், தூரத்துல வேலையா இருக்கேன். பதறாதீங்க, நான் சொல்றத ஒவ்வொண்ணா செய்யுங்க. சார்ஜர கழட்டிட்டு பவர் பட்டன முப்பது செகண்ட் அழுத்திப் பிடிங்க."

தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்து, முப்பதாவது நொடியில் விரலை எடுத்தார்.

"ஓரத்துல வெள்ளையா ஒரு சின்ன லைட்டு இருக்குமே, அணைஞ்சிருச்சா?"

"இல்ல. எரியுது."

"சார்ஜர் கழட்டிட்டீங்கல்ல?"

"கழட்டியாச்சு."

"அணையணுமே சார். சரி, காத வச்சுக் கேளுங்க. ஃபேன் ஓடுதா?"

காதை வைத்தார். விசைப்பலகையின் வெதுவெதுப்பு கன்னத்தில் பட்டது. புதுப் பிளாஸ்டிக் நாற்றம். உள்ளே எங்கோ காற்று சன்னமாக உரசி ஓடும் ஓசை, அந்த ஓசைக்கு அடியில், போர்வைக்குள் வாய் வைத்துப் பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. விட்டு விட்டு வந்தது. நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து வீடு போன மாதமே காலியாகிவிட்டது என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

"ஓடுது" என்றார்.

"அப்ப மெஷின் ஆன்லதான் சார் இருக்கு! மூணு நாளாவே ஆன்ல இருந்திருக்கும். திரைக்குப் பின்னாடி எரியிற லைட்டு மட்டும் போயிருச்சு. படம் இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் எல்லாம் மூடிட்டு, டார்ச்ச திரைக்குக் கிட்டத்துல சாய்வா பிடிச்சுப் பாருங்க. லேசா தெரியும்."

திரைச்சீலைகளை இழுத்து மூடினார். மாலை வெளிச்சம் அறையை விட்டுப் போனது. நாற்காலியில் உட்கார்ந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். முதலில் தூசியும் தன் கைரேகைகளும்தான் தெரிந்தன. பிறகு, வெளிச்ச வட்டம் விழுந்த இடத்தில் மட்டும், ஒரு கண்.

வட்டத்தை நகர்த்தினார். ஒரு மூக்கு. காதோரம் நரைத்த ஒரே ஒரு முடி. அம்மாவைப் போலவே மேலேறிய புருவம்.

மகள்.

நான்கு வருடம் நெஞ்சில் வைத்திருந்த பாரம் கண்ணுக்கு வந்துவிட்டது. ஆறு மணி வரை பொறுக்க முடியாமல் முன்னாலேயே வந்துவிட்டாளே! "அம்மாடி" என்றார். "சாப்பிட்டியாம்மா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் சிரித்தாள். அவர் பேசி முடித்து வெகுநேரம் கழித்து, வேறு எதற்கோ. தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தாள். யாரோ பேசுவதைக் கேட்கிறவளின் முகம் அது. திரையின் மேலே ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நிமிடம். நாற்பத்திரண்டு.

"என்ன சார் தெரியுது?" என்றார் மெக்கானிக்.

"என் பொண்ணு."

"அப்புறமென்ன! லைன் கிடைச்சிருச்சு. நல்லா பேசுங்க சார், நாளைக்கு வந்து லைட்டு மாத்தித் தர்றேன்." போனை வைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு நிமிடமாக யாரிடம் பேசுகிறாள்?

கீழ் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று. இந்தப் பக்கத்து ஆள் தெரிகிற கட்டம். டார்ச்சை அங்கே கொண்டுபோனார்.

அவர்தான். அதே கட்டம் போட்ட சட்டை. அதே நாற்காலி. ஆனால் பின்னால் திரைச்சீலை திறந்திருந்தது. ஜன்னலில் பகல் வெளிச்சம். கையில் டார்ச் இல்லை.

வாய் அசைந்தது.

தராசு தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தன.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கட்டத்தில் இருந்த வாய் என்ன சொல்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மூன்று நாள் அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்த வரிகள், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் செருமிய இடத்தில் செருமி. கடைசி வரி வந்தது. இடம் விட்ட அந்தச் சொல். அது தயங்கவே இல்லை. மன்னிச்சிடும்மா.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு தாளை எடுத்து எதையோ எழுதி, கேமராவுக்கு நேரே பிடித்தாள். நான்கு வரி. விலாசம்தான், வேறென்ன. டார்ச் ஒளி கண்ணாடியில் பட்டுச் சிதறியது. ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

கட்டத்தில் இருந்த உருவம் அதைப் படித்தது. தலையாட்டியது. எழுந்தது.

இப்போது கட்டத்தில் வெறும் நாற்காலி. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

போன் அடித்தது. தங்கை. குரலில் அழுகையும் சிரிப்பும். "அண்ணா! இப்பதான் அவ மெசேஜ் அனுப்பினா. அப்பா மன்னிப்பு கேட்டுட்டாரு, நேர்லயே வர்றேன்னாருன்னு. உங்க வாயிலருந்தா! கல்லுல நார் உரிச்சிட்டாளே!"

"அவளுக்கு உடனே போன் பண்ணு" என்றார். "கதவத் திறக்காதேன்னு சொல்லு. யாரு வந்தாலும். கதவத் திறக்கவே கூடாது."

மறுமுனையில் சிரிப்பு அப்படியே அடங்கியது.

"அன்னைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க" என்றாள் தங்கை. "அவ மாலையும் கழுத்துமா வாசல்ல நின்னா. திறக்கப் போன என் கையப் பிடிச்சுக்கிட்டு இதேதான் சொன்னீங்க. மழையில ரெண்டு மணி நேரம் நின்னுட்டுப் போனா அண்ணா."

"அது இல்லம்மா. நான் பேசல. நான் இன்னும் பேசவே இல்ல..."

"வேணாம். ஒரு நாள் சந்தோஷத்தக்கூட கெடுத்துடாதீங்க."

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை.

திரையில் மகள் சட்டென்று தலையைத் திருப்பினாள். வாசல் மணி அடித்திருக்க வேண்டும். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"திறக்காதே!"

அவருடைய குரல் அவருடைய அறைச் சுவர்களில் மட்டும் மோதியது.

கதவு திறந்தது. கட்டம் போட்ட சட்டை. மகள் பாய்ந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அவருடைய முகம். அது கண்ணை மூடவில்லை. நேராக இங்கே பார்த்தது.

அவள் கதவைத் தாழிட்டாள். கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அது நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தது. திரை முழுக்க அதுதான். அவர் டார்ச்சை விடவில்லை, விட முடியவில்லை.

தண்ணீர் எடுக்கப் போன மகள் பாதியில் நின்றாள். திரும்பி வந்தாள். அதன் தோளில் கையூன்றிக் குனிந்து, இங்கே, இருட்டில் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பவரை உற்றுப் பார்த்தாள். முகம் வெளுத்தது. அவளுடைய உதடுகளில் அந்தச் சொற்கள் உருள்வதை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

யாருப்பா அது?

அது அவள் கையைத் தட்டிக் கொடுத்தது. சிரித்தது. பிறகு கையை நீட்டி அவளுடைய லேப்டாப்பின் மூடியைச் சாய்த்தது.