விடாமல் கத்திய கம்ப்யூட்டர்

சீனியம்மாள் படித்த வில்லாபுரம் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வந்தது. புது மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது. செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவித் துடைத்த பிறகுதான் அந்த அறைக்குள் போக வேண்டும். கணக்கு வாத்தியார் சிவனாண்டி சார்தான் அதற்கும் பொறுப்பு.

ஆயுத பூசையன்று சார் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விடலாமா என்று, விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பிள்ளைகளுக்குப் பொரியும் கடலையும் கிடைத்தது.

விடுமுறை முடிந்து வந்து, பொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டால், கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்தியது. வேலையைத் தொடங்கவே இல்லை. சார் ஒயர்களையெல்லாம் பிடுங்கி மாட்டினார். அதுவும் விட்டேனா பார் என்று கத்தியது.

பூசையன்று இதைத் தொட்டது யார் என்று சார் கேட்டார். பொரி தின்ற கையோடு சீனியின் வகுப்புத் தோழன் தவசி ஒரு விசையை அமுக்கிப் பார்த்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தவசி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். "ஒரு வாட்டிதான் தொட்டேன் சீனி. எங்கப்பா வந்தா, படிச்சது போதும், மாடு மேய்க்க வாடான்னு கூட்டிட்டுப் போயிருவாரு."

சீனிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தடவை தொட்டதற்கா இத்தனை கத்தல்? விடாமல் கத்துகிறதென்றால், ஏதோ ஒன்று அதை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாமா? மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்து ஆர்மோனியமும் இப்படித்தான். ஒரு கட்டை உள்ளே சிக்கிக்கொண்டால், கையை எடுத்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். பாட்டு டீச்சர் நகத்தால் அதைத் தூக்கிவிடுவார்.

காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தொடாமல் பார்க்கிறேன் என்று கேட்டு, விசைப்பலகை அருகே குனிந்தாள்.

ஒரு விசை மட்டும் அமுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. பொரி இல்லை, சந்தனம். அது யார் வைத்த சந்தனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் சாருக்குக் கோபம் வருமோ என்று பயமாக இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் தவசியின் கதி?

"சார், இது ஒண்ணு மட்டும் எந்திரிக்கல சார். பொட்டு உள்ள எறங்கிக் காஞ்சிருச்சு போல," என்றாள் மெதுவாக.

சார் குனிந்து பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு ஈர்க்குச்சியால் பக்குவமாகச் சுரண்டினார். விசை டக்கென்று எழுந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு 'பீப்'. அப்புறம் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன.

சார் தவசியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் பின்னாலேயே வகுப்பும் வந்து நின்றது.

"கெடுத்தது நீயில்லடா தவசி, நான்தான்," என்றார் சார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பாவைக் கூட்டிட்டு வர வேணாம். வா, முதல்ல நீ உக்காரு."

தவசி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தான். அது பச்சையாகத் திரையில் வந்ததும், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சார்," என்றான் கடைசியில். "நாளைக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமா சார்?"